மறுமுனையில் நின்றவர்

நீலக் கட்டடத்துக்கு மட்டும் போகாதே என்று அண்ணன் மூன்று முறை சொல்லியிருந்தார். காலை ஒன்பதரை மணிக்கு வக்கீல் அந்த நீலக் கட்டடத்தின் படியில்தான் ஏறிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் என்றதும் கறுப்பு அங்கியைத் தேடாதீர்கள். நம் வக்கீல் பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். யார் எதைச் சொன்னாலும் 'அது எப்படி?' என்று மடக்குகிற வாய்க்காக, எட்டு வயதில் அண்ணன் கொடுத்த பட்டம் அது. முப்பத்தாறு வயதிலும் அதே பெயர்தான். அண்ணனிடம் மட்டும் அந்த வாய் இதுவரை மடக்கியதில்லை என்பது புது வாசகர்களுக்கான தகவல்.

விட்ட இடத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்வோம். அண்ணனுக்குக் கடை கிடையாது, பட்டறை கிடையாது. இரண்டு சக்கர டிரெய்லர் மேல் ஏற்றிய ஒரு பட்டை ரம்பம், அதுதான் அவருடைய மில். பழைய வேனின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார். யார் வீட்டில் மரம் சாய்ந்து கிடக்கிறதோ அங்கேயே நிறுத்தி, கட்டையைப் பலகையாக்கிக் கொடுத்துவிட்டு வருவார். அப்படி ஊர் ஊராக அலைந்தவருக்கு இப்போதுதான் ஒரு பெரிய வேலை கதவைத் தட்டியிருந்தது. காற்றில் ஒரு கல்லூரி வளாகத்தில் நாற்பத்திரண்டு மரங்கள் விழுந்துவிட்டன. அத்தனையும் அறுத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு வேறு வேலை தேட வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. வேலை நடக்கும்போது வெளியாள் யாருக்காவது அடிபட்டால் ஈடு கட்டுகிற இன்சூரன்ஸ் வேண்டும். அந்தக் காகிதம் இன்று மாலை நாலு மணிக்குள் கல்லூரி ஆபீசில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை பெரிய மில்காரனுக்கு.

மில்லின் காகித வேலையெல்லாம் வக்கீல் பொறுப்பு. பத்து நாளாக அவள் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும். முதல் கம்பெனியில் மில்லின் முகவரி கேட்டார்கள். அது ஓரிடத்தில் நிற்காது என்று இவள் சொன்னதும், முகவரி இல்லாத மில்லுக்கு பாலிசி இல்லை என்று முடித்துவிட்டார்கள். இரண்டாவது கம்பெனியில் இது வண்டியா மெஷினா என்று ஒரு சண்டை. வண்டிப் பிரிவு மெஷின் பிரிவுக்கு அனுப்பியது, மெஷின் பிரிவு வண்டிப் பிரிவுக்கு அனுப்பியது, மூன்று நாள் போயிற்று. மூன்றாவது கம்பெனி கையெழுத்து வரைக்கும் வந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் என்று போனில் கேட்டார்கள். ரம்பம் ஓடும்போது மறுமுனையில் பலகையை யார் பிடிப்பார்கள்?

பக்கத்தில் நின்ற அண்ணன் போனைப் பிடுங்கினார். அந்த வீட்டுக்காரரே பிடிப்பார், பிடித்தால் கூலியில் கால்வாசியைக் குறைத்துவிடுவேன், என் மில்லின் சிறப்பே அதுதான் என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். தன் வீட்டு மரம் தன் கையிலேயே பலகையாக வந்து விழுவதில் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம். அந்தக் கால்வாசிக்காகவே அண்ணனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போன் எப்போது வைக்கப்பட்டது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனிதர், நாலாவது கம்பெனியான அந்த நீலக் கட்டடத்துக்கு மட்டும் போகாதே என்றால் அர்த்தம் என்ன? அவர்கள் மரியாதை தெரியாதவர்கள், மூஞ்சியில் அடித்தமாதிரி பேசுவார்கள் என்றார். பேசட்டுமே என்று நினைத்தாள் வக்கீல். அவளுக்கு வேண்டியது காகிதம், மரியாதை இல்லை.

காரணம் அவள் வீட்டில் இருந்தது. அவள் புருஷன் டெய்லர். இப்போதும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. துணி வெட்டி வருஷமாகப் போகிறது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாதவர் கத்தரிக்கோலை எதில் பிடிப்பார்? தையல் மெஷின் வீட்டு மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அண்ணன்தான் அவரைக் கூட வைத்துக்கொண்டார். பலகை அடுக்குகிற வேலை, வாராவாரம் சம்பளம். என் அண்ணன் மட்டும் இல்லையென்றால் நாங்கள் தெருவில் என்று வக்கீல் சொல்லாத ஆள் கிடையாது. கல்லூரி வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் ஆறு மாதத்துக்கு உறுதி. இல்லாவிட்டால் அடுத்த மாதமே சந்தேகம்.

நீலக் கட்டடத்தில் யாரும் மூஞ்சியில் அடிக்கவில்லை. ஆபீசர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். இப்படிப்பட்ட மெஷினுக்கு பாலிசி கொடுப்பது வழக்கம்தான், ஆனால் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், பன்னிரண்டு மணிக்கு வந்து பார்க்கிறேன், எல்லாம் சரியாக இருந்தால் மூன்று மணிக்கே காகிதம் என்றார். பத்து நாளில் முதல் தடவையாக வக்கீலுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தோன்றியது.

படிவம் நாலு பக்கம். ஆபீசருக்கு எதிரிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். மெஷின் வாங்கிய வருடம், என்ஜின் வேகம், ரம்பத்தின் அகலம், எல்லாம் மனப்பாடம். இதற்கு முன் இன்சூரன்ஸ் இருந்ததா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அண்ணன் மற்ற மூன்று படிவங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. கடந்த மூன்று வருடத்தில் விபத்து ஏதாவது உண்டா? ஆம் என்றால், அடிபட்டவர் யார்? கீழே மூன்று கட்டங்கள். ஊழியர். வாடிக்கையாளர். வெளியாள்.

மற்ற மூன்று படிவங்களிலும் இதே கேள்வி இருந்தது. மூன்றிலும் 'இல்லை' என்று கோழி கிறுக்கலாக எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தாள். எதிரே ஒரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்க எழுதுவது வேறு. மெஷினைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சமாளித்தாள். ஆபீசர் அவளை ஒரு கணம் பார்த்தார். சரி என்றார்.

அந்த விபத்து நடந்தது போன வருடம், ஒரு விடுமுறை நாளில். வழக்கமாக வருகிற ஆள் வரவில்லை என்று அண்ணன் கூப்பிட்டார். ஒரு மணி நேரம்தானே என்று டெய்லர் போனார். மறுமுனையில் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் பேர் எழுதுகிற ஆள் எங்கே நடந்தது என்று கேட்டபோது, அண்ணன் அவள் காதருகே குனிந்து, வீட்டில் என்று சொல்லும்மா, இல்லாவிட்டால் போலீஸ், கேஸ் என்று இழுத்துவிடுவார்கள் என்றார். வீட்டில் அலமாரிக்குப் பலகை அறுக்கும்போது என்று வக்கீல் சொன்னாள். காட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டாள். துணி சுற்றிய கையோடு பக்கத்தில் படுத்திருந்த டெய்லரும் அதைக் கேட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவரும் அதே அலமாரிக் கதையைத்தான் சொல்கிறார். அலமாரிக்கு எத்தனை தட்டு என்பதுவரைக்கும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

ஆபீசரின் காரில் போகும்போது அண்ணனுக்கு ஆறு முறை போன் போட்டாள். வாடிக்கையாளர் யாரையும் மெஷின் பக்கத்தில் விடாதே என்று சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. ரம்பம் ஓடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலே கேட்காது, போன் எங்கே கேட்கப்போகிறது?

பயந்தது அப்படியே நடந்தது. அன்றைக்கு வேலை ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுப் பின்புறத்தில். கார் உள்ளே திரும்பும்போது, வாத்தியார் பனியனோடு, தலையெல்லாம் மரத்தூளோடு, மறுமுனையில் நின்று பத்தடிப் பலகை ஒன்றை மார்போடு அணைத்து இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

அண்ணன் என்ஜினை நிறுத்தினார். முதலில் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கார் கதவில் இருந்த நீல எழுத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோய்விட்டது. மனிதர் வாத்தியார் அங்கே நின்றதற்காகத்தான் பயப்படுகிறார் என்று வக்கீல் நினைத்தாள். பாவம், அண்ணன் என்றுகூட நினைத்தாள்.

ஆபீசர் வாத்தியாரிடம் போய், நீங்கள் இங்கே வேலை செய்பவரா என்று கேட்டார். வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வீடு என்னுடையது, இந்த மரம் என்னுடையது, கால்வாசி தள்ளுபடிக்காக நிற்கிறேன் என்று கணக்கோடு விளக்கினார். போச்சு என்று வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள்.

போகவில்லை. ஆபீசர் அம்மாள் நிதானமாகத்தான் பேசினார். இனிமேல் வாடிக்கையாளர் யாரும் மெஷினைத் தொடக்கூடாது, சுற்றிலும் பத்தடி தள்ளிக் கயிறு கட்ட வேண்டும், கயிற்றுக்குள் உங்கள் ஆட்கள் மட்டும், இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். அந்தத் தள்ளுபடிப் பழக்கத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் ஓடியிருப்பார்கள் இல்லையா என்று லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

டெய்லர் வேனுக்குள்ளிருந்து கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு கழியை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். பெருவிரலும் மோதிர விரலும்தான் வேலை செய்தன, பல் அவ்வப்போது உதவிக்கு வந்தது. யாரையும் கிட்டே வரவிடவில்லை. முடித்ததும் வக்கீலைப் பார்த்து, நாலு மணிக்கு முன்னாடியே முடிச்சிடுவோம் வக்கீலம்மா என்று சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஆபீசர் மெஷினைச் சுற்றி வர வர, அவரும் கூடவே சுற்றி வந்தார்.

மெஷின் முழுக்கப் பச்சை. ரம்பத்தை மூடுகிற மறைப்புத் தகடு மட்டும் மஞ்சள். ஆபீசர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். ஒரிஜினல் தகடு எங்கே என்றார். துருப்பிடித்துப் போயிற்று, புதிதாகச் செய்து மாட்டினேன் என்றார் அண்ணன். பக்கத்தில் இருந்த பச்சைத் தகடுகளில் பொட்டுத் துரு இல்லை. ஆபீசர் அந்தத் தகடுகளையும் தட்டிப் பார்த்தார். டிரெய்லர் அடியில் குனிந்து மெஷின் எண்ணைக் குறித்துக்கொண்டார், ஆபீசுக்குப் போன் செய்து படித்துச் சொன்னார், காத்திருந்தார். பிறகு வக்கீலைத் தனியாகக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் இல்லைன்னு ஏன் எழுதினீங்க?"

"இல்லையே மேடம்."

"எங்ககிட்டயே இருந்திருக்கு. மெஷின் வாங்கக் கடன் கொடுத்த பேங்க் எடுக்க வச்சிருக்கு. வெளியாளுக்கு அடிபட்டா ஈடு, அதுவும் அதுல சேர்த்திதான். ஒரு வருஷம் ஓடியிருக்கு. ஈடு கேட்டு யாரும் வரலை, புதுப்பிக்கவும் இல்லை."

வக்கீல் தேதி கேட்டாள். ஆபீசர் சொன்னார். பாலிசி முடிந்தது, டெய்லர் கையில் கட்டுப் பிரித்த மாதம். அதாவது, விரல் போன அன்றைக்கு அது உயிரோடு இருந்திருக்கிறது. விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் முடிந்திருக்கிறது.

அடிபட்ட ஒருவர் ஈடு கேட்டு எத்தனை நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஒரு வருடத்துக்குள் என்றார் ஆபீசர். பொதுவாகச் சொல்வதுபோல்தான் அவரும் சொன்னார். அவர் கண் மட்டும் தூரத்தில், பலகை அடுக்கிக்கொண்டிருந்த டெய்லரின் கைமேல் இருந்தது. வக்கீல் மனசுக்குள் எண்ணினாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அண்ணன் வேனுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தங்கை வருகிற நடையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல, பாலிசி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

அண்ணன் ஆபீசர் நின்ற பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார், குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்றைக்கு அகலக் கட்டை, உள்ளே நுழையவில்லை என்று தகட்டைக் கழற்றி வைத்தது அவர்தான். கம்பெனி விசாரித்தால் அதுதான் முதலில் வரும். பேங்க் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும். "மெஷின் போனா என் வீடும் போச்சு, உன் வீடும் போச்சு. அதை யோசிச்சேம்மா. நான் ஒண்ணும் மாப்பிள்ளையை நடுத்தெருவுல விடலையே. இன்னைக்கு வரைக்கும் பார்த்துக்கறேனா இல்லையா?"

பார்த்துக்கொண்டாராம். பதினோரு மாதமாக எத்தனை பேரிடம் இந்த மனிதரின் புகழைப் பாடியிருப்பாள்? டெய்லர் எத்தனை சனிக்கிழமை சம்பளத்தை வாங்கும்போது தலை குனிந்து நின்றிருப்பார்?

"அவருக்கு உரிமையா வரவேண்டியதை மறைச்சு வச்சுட்டு, உங்க தர்மம் மாதிரி வாராவாரம் கொடுத்தீங்க. அதுக்கு நான் நன்றி வேற சொன்னேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லும்போது அழுகைகூட வரவில்லை. அண்ணன் அவள் கையைப் பிடிக்க வந்தார். இன்னும் மூன்று மணி நேரம், இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிரு, கல்லூரி வேலை வரட்டும், அதில் வருவதில் மாப்பிள்ளைக்குப் பாதியைப் பங்காகவே எழுதித் தருகிறேன் என்றார். சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்.

இதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. ஆபீசர் கயிற்றின் மேல் கை வைத்து நின்று டெய்லரிடம் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் ஓடாத குறையாகப் போனாள். போவதற்குள் கேள்வி முடிந்துவிட்டது. கை எப்படி ஆனது என்று கேட்டிருக்கிறார்.

டெய்லர் பலகைகளுக்கு நடுவே காற்றுப் போகச் சிறு கட்டைகளை வைத்தபடியே, முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்ல அலமாரி செய்யறேன்னு உட்கார்ந்தேங்க. அஞ்சு தட்டு அலமாரி. நமக்கு எதுக்கு அந்த வேலை? டெய்லர் டெய்லராவே இருந்திருக்கணும். மில்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. மச்சான்தான் எனக்குச் சோறு போடறாரு."

சொல்லிவிட்டு வேனின் பக்கம் பார்த்தார். மச்சானைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை வக்கீலால் பார்க்க முடியவில்லை.

ஆபீசர் படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, மெஷினின் மேல் வைத்தார். பேனாவை அதன் மேல் வைத்தார். "அப்போ இங்கே 'இல்லை'ன்னு எழுதிடுங்க. மூணு மணிக்குக் காகிதம் ரெடி."

மணி ஒன்று பத்து. வக்கீல் பேனாவை எடுத்தாள்.

'ஆம்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டாள். தலைமை ஆபீசுக்குப் போகும், மூன்று வாரமாவது ஆகும், கொடுப்பார்களா என்பதும் சந்தேகம்தான் என்றார் ஆபீசர். மூன்று வாரம் என்றால் கல்லூரி வேலை இல்லை. 'இல்லை' என்று எழுதினால் ஆறு மாதச் சோறு. ஆனால் டெய்லரின் விரல் அந்த அலமாரியோடு போனதுதான், இனி எந்தக் காலத்திலும் திரும்பிப் பேச முடியாது. அவள் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கொடுத்த பொய். இது இரண்டாவது தடவை.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, அன்னைக்கு அண்ணன் கூப்பிட்டதும் போனீங்களே, கூலி பேசிட்டா போனீங்க?"

டெய்லர் திடுக்கிட்டுப் போனார். கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"கூலியா? உங்க அண்ணன் கூப்பிட்டாருன்னு போனேன்" என்றார் கடைசியில், முணுமுணுப்பாக.

ஊழியர் இல்லை. வாடிக்கையாளரும் இல்லை. வக்கீல் 'ஆம்' என்று எழுதி, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"வெளியாளா? நம்ம மாப்பிள்ளை வெளியாளாம்மா?"

"இந்தப் படிவத்துல குடும்பத்துக்குக் கட்டம் இல்லைண்ணே. இருந்திருந்தா அவர் விரலோட சேர்த்து அதையும் மறைச்சிருப்பீங்க."

டெய்லருக்குக் கோபம் வந்து வக்கீல் பார்த்ததில்லை. இப்போது வந்தது, அவள்மேல். மில்லில் அடிபடவில்லை என்று ஓர் அதிகாரியிடம் நான் சொல்லியிருக்கிறேன், நீ ஆம் என்று எழுதினால் என்ன அர்த்தம், உன் அண்ணன் பிழைப்பில் நீயே கை வைப்பாயா என்று கேட்டார். அவள் பேச வாயெடுக்கும் முன்னால், ஆபீசரே அவருக்கு விளக்கினார். அன்றைக்கு இந்த மெஷினுக்கு பாலிசி இருந்தது, நீங்கள் எழுதிக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னார்.

டெய்லர் கையில் வைத்திருந்த கட்டையைப் பலகைமேல் வைத்தார். அண்ணனின் பக்கம் திரும்பினார்.

"எந்த பாலிசி, மச்சான்?"

அண்ணன் மஞ்சள் தகட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வாத்தியார் சந்தடியில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆபீசர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒன்றைக் கேட்டாக வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எங்கே நடந்ததாக எழுதியிருக்கிறது? முதலில் அதைத்தான் கேட்பார்கள். வீட்டில் நடந்ததாக இருந்தால், அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரேதான் வந்து, அது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் வக்கீல். "கையெழுத்தும் என்னோடதுதான்."

கார் போயிற்று. மூன்று பேரும் கயிற்றுக்குள் நின்றார்கள். டெய்லர் மனைவியிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மில்லோட காகிதம் எல்லாம் உன் கையிலதான் இருக்கு. உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னைக்குத்தாங்க. சத்தியமா இன்னைக்குத்தான்."

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான், உங்க அண்ணன் சொல்லச் சொன்னாருன்னு பொய் சொன்னே."

அவள் அது எப்படி என்று கேட்க வாயைத் திறந்தாள். யாரையும் மடக்குகிற வாய். ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் தகட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அவளுக்குத் தெரியாது மாப்பிள்ளை, நான்தான் மறைத்தேன் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கைக்காக அவர் சொன்ன உண்மை. டெய்லர் அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டினார். அலமாரிக் கதையைக் கேட்கிற ஜனங்கள் நம்பாமல் அவரிடம் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல்தான்.

"விட்டுக்கொடுக்க மாட்டீங்களே ஒருத்தரை ஒருத்தர்" என்றார். "நான் வெளியாள்தானே, கிளம்பறேன். நீங்க குடும்பமா பேசிக்குங்க."

வக்கீலின் பைக்குள் போன் அடித்தது. கல்லூரி ஆபீஸ் நம்பர். டெய்லர் தான் கட்டின கயிற்றை இடது கையால் தூக்கி, குனிந்து வெளியே போனார். கேட்டைத் திறந்தவர், அதைத் திரும்பச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.